முதலில் கழி, பிறகு கூட்டு

நெபுலா படம் எடுக்கத் தொடங்கிய தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, சிவப்பு சேனல்ல எச்-ஆல்ஃபா எத்தனை பர்சென்ட் கலக்கலாம்?" யூடியூபில் ஒருவர் அறுபது என்கிறார், இன்னொருவர் முப்பது போதும் என்கிறார். நான் எண் எதுவும் சொல்வதில்லை. "எதைக் கழிச்சிட்டுக் கலக்கப் போறே?" என்று திருப்பிக் கேட்பேன். கூட்டலைப் பற்றிக் கேட்டால் கழித்தலைப் பற்றிப் பேசுகிறாரே என்று விழிப்பார்கள். குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடும் நேரோபேண்ட் ஃபில்டரில் எடுத்ததையும் வண்ணத்தில் எடுத்ததையும் சேர்க்கும் வேலையில் முக்கால்வாசி கழித்தல்தான் என்று அவர்களுக்குப் புரிய வைக்கவே ஓர் இரவு பிடிக்கும். இந்தக் கட்டுரை அந்த இரவுப் பேச்சின் நீட்சி.

வானத்திலிருந்து நம் கேமராவுக்கு வரும் ஒளியில் இரண்டு ஜாதி உண்டு. நட்சத்திரம் ஊதாவிலிருந்து சிவப்பு வரை இடைவெளியின்றி ஒளிர்கிறது. அந்த ஒளி தூசியில் பட்டுச் சிதறி வந்தாலும் தொடர்ச்சி குறைவதில்லை. சூடான வாயுவின் கதை வேறு. அருகில் இருக்கும் இளம் நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி ஹைட்ரஜனின் எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. அது மறுபடி வந்து ஒட்டிக்கொண்டு படிப்படியாக இறங்கும்போது, இறங்கும் படிக்கேற்ற அலைநீளத்தில் மட்டும் ஒளியை விடுகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் 656.3 நானோமீட்டர், அதுதான் எச்-ஆல்ஃபா. நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 486.1, எச்-பீட்டா. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன் 495.9, 500.7 என இரு கோடுகளில் ஒளிரும். அதை ஓ-த்ரீ என்போம். ஓர் எலெக்ட்ரானை இழந்த கந்தகம் 671.6, 673.1 என்ற ஆழ்சிவப்பில் ஒளிரும், அது எஸ்-டூ.

நெபுலாக்களில் சில வாயுவால் ஆனவை என்று உலகத்துக்குத் தெரிந்ததே இந்தக் கோடுகளால்தான். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் குழுவிலுள்ள என்ஜிசி 6543 மீது நிறமாலைக் கருவியைத் திருப்பியபோது வானவில் பட்டை வரவில்லை. பச்சையாக ஒரு கோடுதான் வந்தது. அந்தக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927இல்தான் ஐரா போவன் அது ஆக்ஸிஜன் என்று காட்டினார். பூமியின் ஆய்வுக்கூட அடர்த்தியில் அந்தக் கோடு தோன்ற வாய்ப்பே இல்லை. நெபுலாவின் வெறுமையில் மட்டும் அது சாத்தியம். எச்-ஆல்ஃபாவுக்கோ நம்மூரிலேயே நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1912 முதல் சூரியனை இந்தச் சிவப்புக் கோட்டில் படமெடுத்து வருகிறார்கள். மொட்டை மாடியில் நான் சொருகும் ஃபில்டர் அந்தப் பரம்பரையின் கடைக்குட்டி.

ஃபில்டர் செய்வது எளிய கணக்கு. வழக்கமான சிவப்பு ஃபில்டர் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடும். 3 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா ஃபில்டர் அதில் 3 பங்கைத்தான் விடும். நெபுலாவின் சிவப்புக் கோடு அந்த 3 நானோமீட்டருக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. தெருவிளக்கின் எல்இடி ஒளியோ 100க்கு 97 வெளியே நின்றுவிடுகிறது. சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அவற்றின் மஞ்சள் பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே குவிந்திருந்தது. அதை மட்டும் வெட்டும் ஃபில்டர்கள் ஓரளவு காப்பாற்றின. எல்இடி எல்லா நிறத்திலும் பரவி வருவதால் அந்த வித்தை இப்போது பலிப்பதில்லை. சென்னைக்குள் இருந்துகொண்டு நெபுலா எடுப்பவனுக்கு நேரோபேண்டை விட்டால் கதியில்லை.

ஆனால் அந்த 97 பங்கோடு நட்சத்திரங்களின் நிறமும் வெளியே நின்றுவிடுகிறது. எச்-ஆல்ஃபா படத்தில் நீல நட்சத்திரமும் மஞ்சள் நட்சத்திரமும் ஒரே வெள்ளைப் பொட்டு. தூசியின் பழுப்பு, சிதறொளியின் நீலம் எதுவும் இல்லை. வாயு எங்கே இருக்கிறது என்று அது துல்லியமாகச் சொல்லும். மற்றதைக் கேட்டால் வாய் திறக்காது. அதனால்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணத்தில் எடுக்கும் ஆர்ஜிபி வேண்டும். ஆர்ஜிபிக்கு இருட்டு வானம் வேண்டும்.

என் வேலை இதனால் நிலவை ஒட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மொட்டை மாடியில் எச்-ஆல்ஃபா, எஸ்-டூ. நிலவொளி வானத்தில் சிதறும்போது நீலம்தான் அதிகம் சிதறும். ஆழ்சிவப்பில் பாதிப்பு குறைவு. ஓ-த்ரீ நீலப்பச்சையில் இருப்பதால் நிலா அதை நன்றாகவே கெடுக்கும்; ஆகவே அஷ்டமிக்குப் பிந்தைய வளர்பிறையில் அதைத் தொடுவதில்லை, தேய்பிறையில் நிலா எழும்வரை எடுத்துக்கொள்வேன். அமாவாசை வாரத்தில் கருவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போய் ஆர்ஜிபி. காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தை அந்த மலையில் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. 5 நிமிட எச்-ஆல்ஃபா ஃபிரேம்களை மணிக்கணக்கில் மாடியில் சேர்க்கலாம். மலையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு நிமிட ஃபிரேம்களாக எடுத்தாலே நட்சத்திரங்களின் நிறம் கருகாமல் வந்துவிடும்.

இந்தக் கலவைக்குப் பழக நல்ல இலக்கு ரோசெட் நெபுலா. மார்கழி நள்ளிரவில், பாசுர ஒலிபெருக்கிகள் தொடங்கச் சில மணிநேரம் இருக்கும்போது, சென்னையின் உச்சிக்கு 8 பாகை தெற்கே நிற்கும். அவ்வளவு உயரத்தில் காற்றின் தொந்தரவும் கடற்கரை ஈரப்பதமும் மிகக் குறைந்த பாதையில் ஒளி வருகிறது. லென்ஸில் பனி படியாமலிருக்க ஹீட்டர் பட்டை மட்டும் மறக்கக் கூடாது. நெபுலாவின் குறுக்களவு முழு நிலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நடுவே என்ஜிசி 2244 என்ற நட்சத்திரக் கொத்து. அதன் சூடான இளம் நட்சத்திரங்கள்தான் நடுவில் குழி பறித்து மொத்த வாயுவையும் ஒளிர வைக்கின்றன. விளிம்பில் ஹைட்ரஜன் ஓங்கியிருக்கும், குழியை ஒட்டிய உட்பகுதியில் ஓ-த்ரீ நிறைந்திருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முடிந்தால் பாதிக் கலை கைவந்த மாதிரி.

இப்போது கலப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது மூன்றில் ஒன்று. சிவப்பு சேனலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எச்-ஆல்ஃபாவை வைப்பது. அல்லது இரண்டில் எது பிரகாசமோ அதை ஒவ்வொரு பிக்சலுக்கும் எடுப்பது. அல்லது எச்-ஆல்ஃபாவையே ஒளிர்வுத் தளமாக்கி அதன் மேல் வண்ணத்தைப் பூசுவது. மூன்றாவதில் விவரம் அள்ளும். நிறம் மட்டும் சமைத்த இறால் நிறத்துக்குப் போய்விடும். நட்சத்திரங்கள் சிறுத்து, அவற்றின் நீல, மஞ்சள் ஒளி வெளியே வளையமாகக் கசியும். முதல் முறையில் நட்சத்திரங்களின் நிறம் கெட்டுவிடும். இரண்டாவது கொஞ்சம் நாகரிகமானது என்றாலும், பின்னணி இரைச்சலில் பிரகாசமான பக்கத்தையே பொறுக்கிப் பொறுக்கி எடுப்பதால் வானம் செம்புள்ளி போட்டதாகிவிடும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று. எச்-ஆல்ஃபா ஃபில்டரில் வந்தது எல்லாம் எச்-ஆல்ஃபா என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த 3 நானோமீட்டர் ஜன்னல் வழியே நட்சத்திரத்தின் தொடரொளியும் கொஞ்சம் வருகிறது, வானத்தின் ஒளியும் வருகிறது. 7 நானோமீட்டர் ஃபில்டர் என்றால் பக்கத்திலிருக்கும் நைட்ரஜன் கோடுகளும் சேர்ந்து நுழையும். மறுபக்கம், சிவப்பு ஃபில்டரில் வந்த படத்துக்குள்ளும் எச்-ஆல்ஃபா ஏற்கனவே இருக்கிறது. ஆக, இரண்டிலும் இரண்டும் கலந்திருக்கின்றன, விகிதம்தான் வேறு. அந்தக்கால எண்ணெய்க் கடைக்காரர் நம் தூக்குக்கு முதலில் தடை கட்டிவிட்டுத்தான் எண்ணெயை ஊற்றுவார். எச்-ஆல்ஃபா படத்துக்கும் தடை கட்ட வேண்டும். தொடரொளியின் எடையைக் கழித்த பிறகு நிற்பதுதான் வாயு.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் படத்தில் 100 பங்கு தொடரொளியும் கோட்டின் ஒளியும் உள்ளன. எச்-ஆல்ஃபா படத்தில் 3 பங்கு தொடரொளியும் அதே கோட்டின் ஒளியும். சிவப்பை 0.03ஆல் பெருக்கி எச்-ஆல்ஃபாவிலிருந்து கழித்தால் தொடரொளி ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கோட்டில் 97 பங்கு மிஞ்சும். அதை 0.97ஆல் வகுத்தால் கோடு முழுதாகத் திரும்பிவிடும். பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் இதற்கென்றே ஸ்கிரிப்ட் இருக்கிறது. சிரில் மென்பொருளில் பிக்சல் கணக்கு எழுதும் வசதியில் ஒரே வரியில் முடியும். படம் நீட்டப்படாமல், கேமரா எண்ணியபடியே இருக்கும் நிலையில்தான் இந்தக் கழித்தல் செல்லும். வளைவு போட்டு நீட்டிய பிறகு கழித்தால் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. பின்னணிச் சாய்வை அதற்கு முன்பே இரண்டு படத்திலும் எடுத்துவிட வேண்டும்; மாடியில் ஒருபுறம் மட்டும் வெளுத்த வானம் கழித்தலுக்குப் பின் பூதாகாரமாகத் தெரியும்.

ஆனால் 0.03 என்பது ஏட்டுச் சுரைக்காய். ஃபிரேம் நேரம், கெயின், சென்சார் அந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது, அன்றைய வானத்தின் தெளிவு எல்லாம் சேர்ந்து அதை மாற்றிவிடும். அதனால் நான் எண்ணை நம்புவதில்லை, ஒரு நட்சத்திரத்தை நம்புகிறேன். ரோசெட்டின் நடுக்கொத்தில் '12 மோனோசெரோட்டிஸ்' என்று ஒரு மஞ்சள் நட்சத்திரம் இருக்கிறது. பார்வைக்குக் கொத்தில் ஒருவர் மாதிரி நிற்கும். உண்மையில் அது கொத்துக்கு வெகு முன்னால் நமக்கு அருகில் இருக்கும் ஒரு மஞ்சள் ராட்சதன். சுற்றியுள்ளவை எல்லாம் நீலவெள்ளைச் சூடான நட்சத்திரங்கள். சிவப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கழித்துக்கொண்டே அந்தப் பகுதியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். குறைவாகக் கழித்திருந்தால் அது வெள்ளைப் பொட்டாக நிற்கும். அளவு மீறினால் அதே இடத்தில் கருங்குழி விழும், தையல் ஊசி குத்தி எடுத்த மாதிரி. நடுவே ஓர் அளவில் பொட்டும் இல்லாமல் குழியும் இல்லாமல், சுற்றியுள்ள வாயுவின் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். அங்கே நிறுத்த வேண்டும். மஞ்சள் நட்சத்திரத்துக்குச் சரியான எண் நீல நட்சத்திரத்துக்கு இம்மி விலகும், ஏனென்றால் சிவப்பு ஃபில்டரின் அகலத்துக்குள்ளேயே அவற்றின் ஒளி ஏறி இறங்கும் விதம் வேறு. அந்த இம்மியை நான் பொருட்படுத்துவதில்லை.

சில நேரம் எந்த எண் போட்டாலும் நட்சத்திரத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாக வளையம் மிஞ்சும். எண்ணில் குற்றமில்லை. மாடியில் எடுத்த இரவின் காற்றும் மலையில் எடுத்த இரவின் காற்றும் வேறு. ஒரு படத்தில் நட்சத்திரம் ஒடுக்கமாகவும் மற்றதில் பரந்தும் விழுந்திருக்கும். கூரான படத்தை மற்றதன் அளவுக்குக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டுக் கழித்தால் வளையம் போகும். கூரான படத்தை மங்கலாக்க மனம் வராதுதான். கழித்தலுக்கு மட்டும் மங்கலாக்கிய பிரதியை வைத்துக்கொண்டு, வாயுவின் விவரத்தை மூலப் படத்திலிருந்து எடுக்கலாம்.

இப்படிக் கிடைத்த வாயுப் படத்தை எவ்வளவு கூட்டுவது? இங்கே ஒளிவுமறைவு வேண்டாம். சிவப்புப் படத்துக்குள் அந்தக் கோடு ஏற்கனவே இருக்கிறது. மேலும் கூட்டுவது மிகைப்படுத்தல்தான். வாயுவின் உருவத்தைத் தெளிவான கையெழுத்தில் மறுபடி எழுதுகிறோம் என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம். எழுதும் மை கொஞ்சம் அடர்த்தியாகவே இருக்கும். என் வழக்கம்: வண்ணப் படத்தில் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்த வெளி விளிம்புகள் தலைகாட்டும்வரை கூட்டுவேன். நெபுலாவின் மையம் சிவந்து தட்டையாகத் தொடங்கினால் முகமூடி போட்டு அங்கே மட்டும் குறைத்துவிடுவேன். நூலைப் போல் மெல்லிய விளிம்புக்காகத்தான் இவ்வளவு பாடும். ஏற்கனவே பிரகாசமாக இருக்கும் நடுவைச் சிவப்பால் மெழுக வேண்டியதில்லை.

கழித்தலின் அருமையை அறிய ரோசெட் போதாது. அதற்கு டிரிஃபிட் வேண்டும், எம் 20. தனுசு ராசிக்காரர். தமிழ்நாட்டிலிருந்து அது உச்சத்தில் நிற்கும்போது 54 பாகை உயரம். வடநாட்டு நண்பர்கள் பொறாமைப்படும் உயரம். ஆனால் நள்ளிரவில் உச்சத்துக்கு வரும் ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவ மேகம் மூடிவிடும். ஆகவே சித்திரை பிறந்த கையோடு விடியற்காலை நாலரை மணி வாக்கில் அது தெற்கே உச்சத்தைத் தொடும் வேளையைப் பிடிக்க வேண்டும். மூன்றாகப் பிளந்த சிவப்பு வாயு, பிளக்கும் கரும் தூசிப் பட்டைகள், அவற்றுக்கு வடக்கே ஒட்டினாற்போல் நீலமாக ஒரு சிதறொளி நெபுலா. வாயுவும் தூசியும் ஒரே சட்டத்துக்குள் அக்கம்பக்கம்.

இதில் சிவப்பு சேனலை எச்-ஆல்ஃபாவால் மாற்றினால் என்ன ஆகும் பாருங்கள். சிதறொளி நீலமாகத் தெரிந்தாலும் அதற்குள் சிவப்பும் உண்டு, நட்சத்திர ஒளிதானே. எச்-ஆல்ஃபாவில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வெறுமை. மாற்றிய நொடியில் மிருதுவான வெளிர்நீலம், நீச்சல் குளத்து ஓடு நிறத்துக்குப் போய்விடும். எச்-ஆல்ஃபாவை ஒளிர்வுத் தளமாக்கினாலோ நீலப் பகுதியே அணைந்துவிடும். சிவப்பு டிரிஃபிட் மட்டும் தனியே மிதக்கும். அதையே கழித்த வாயுப் படமாக்கிக் கூட்டினால், நீலப் பகுதியில் அதன் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் நீலத்துக்கு ஒன்றும் ஆகாது. கைவேலை இல்லாமல், முகமூடி வரையாமல், தானே விலகி நிற்கிறது. இந்தக் கூட்டலில் நான் மயங்கிய இடம் இதுதான்.

நீலத்தைப் பற்றிப் பேசும்போது எச்-பீட்டாவை விட முடியாது. ஹைட்ரஜன் 656.3இல் ஒளிரும் இடமெல்லாம் 486.1இலும் ஒளிர்கிறது. நெபுலாவின் வழக்கமான வெப்பநிலையில் ஆல்ஃபா 2.86 என்றால் பீட்டா 1. இடையில் தூசி இருந்தால் நீலம் அதிகம் விழுங்கப்பட்டு, பீட்டா இன்னும் குறைந்து வரும். எப்படியும் பூஜ்யமாவதில்லை. சிவப்பில் மட்டும் வாயுவைக் கூட்டினால் ரத்தச் சிவப்பு. நீலத்திலும் ஒரு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ரோஜா நிறம். ஹைட்ரஜனின் நிறம் ரோஜாதான். போட்டிக்கு வரும் பல படங்களில் நெபுலா கசாப்புக் கடை நிறத்தில் இருப்பதற்கு இந்தச் சின்னக் கூட்டலை விட்டதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஓ-த்ரீயை நீலத்தில் போடுவதா பச்சையில் போடுவதா என்று அடித்துக்கொள்பவர்கள் உண்டு. 500.7 நானோமீட்டர் பெரும்பாலான ஃபில்டர் தொகுதிகளில் நீலமும் பச்சையும் சந்திக்கும் எல்லையிலேயே விழுகிறது. இரண்டிலும் சமமாகக் கூட்டினால் மயில் கழுத்து நிறம் வரும். இருட்டுக்குப் பழகிய கண்ணும் பெரிய டெலஸ்கோப்பில் ஓரியன் நெபுலாவை அந்தப் பக்கமாகத்தான் பச்சையாகக் காண்கிறது. ஓ-த்ரீக்கும் தடை கட்ட வேண்டும். பச்சையும் நீலமும் சேர்ந்த சராசரியை அதிலிருந்து கழிக்கிறேன். ரோசெட்டின் உட்குழியில் கழிக்காத ஓ-த்ரீயைக் கூட்டினால் கொத்தின் நட்சத்திரங்கள் ஊதி நீலக் குமிழ்களாகிவிடும்.

எல்லோரிடமும் நிறம் பிரிக்காத மோனோ கேமராவும் ஃபில்டர் சக்கரமும் இருப்பதில்லை. வண்ண கேமராவில் நாலு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எச்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டால் நாலில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்ற மூன்றும் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு சும்மா இருக்கும். அதற்காகத்தான் எச்-ஆல்ஃபாவையும் ஓ-த்ரீயையும் ஒன்றாக விடும் இரட்டைக்கோட்டு ஃபில்டர்கள் வந்தன. சிவப்பு பிக்சலில் ஹைட்ரஜன், பச்சையிலும் நீலத்திலும் ஆக்ஸிஜன். மாடிக்காரனுக்கு இது வரப்பிரசாதம்தான். சாதாரண டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி 656 நானோமீட்டரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கேனன் 60டிஏ, நிக்கான் டி810ஏ என்று கம்பெனிகளே வானியலுக்கென்று அந்தக் கண்ணாடியை மாற்றி விற்றார்கள். மாற்றாத கேமராவில் ரோசெட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட அதே கேமராவை நட்சத்திர நிறத்துக்கு வைத்துக்கொண்டு, நேரோபேண்டுக்கு வேறு கேமரா தேடுவது புத்திசாலித்தனம்.

நட்சத்திரங்களை நான் முழுக்க ஆர்ஜிபியிலிருந்துதான் எடுக்கிறேன். காயா விண்கலத்தின் நிறமாலைத் தரவோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் வசதி 2022 முதல் பிக்ஸ்இன்சைட்டில் உண்டு. அதை முடித்துவிட்டு, நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, வாயுவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, கடைசியில் திரும்பப் பதிக்கிறேன். நட்சத்திரம் நீக்கும் மென்பொருட்கள் இப்போது அசுரத்தனமாக வேலை செய்கின்றன. அதனாலேயே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ரோசெட்டின் கரும் தூசி முடிச்சுகளில் சிலவற்றை அவை நட்சத்திரத்தின் நிழல் என்று நினைத்துத் துடைத்துவிடும்; மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஒப்பிடாமல் மேலே போவதில்லை. திரும்பப் பதித்த பின் 12 மோனோசெரோட்டிஸ் மஞ்சளாகவே இருக்கிறதா என்று பார்ப்பேன். ரோஜாச் சாயம் ஏறியிருந்தால் வாயுவின் சிவப்பு எங்கோ நட்சத்திரத்துக்குள் ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஹப்பிள் வண்ணத்தில் ஏன் செய்வதில்லை என்று கேட்பார்கள். 1995இல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹப்பிளால் எடுத்த கழுகு நெபுலாத் தூண்கள் கந்தகத்தைச் சிவப்பிலும் ஹைட்ரஜனைப் பச்சையிலும் ஆக்ஸிஜனை நீலத்திலும் வைத்து உலகத்தையே மயக்கின. ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டும் கண்ணுக்குச் சிவப்பு. பிரித்துக் காட்ட அது ஒரு நல்ல ஏற்பாடு. நானும் கந்தகம் எங்கே குவிகிறது என்று அறிய அப்படிச் செய்து பார்ப்பதுண்டு. எனக்கு ஒட்டாதது அதன் பின் வரும் சடங்கு. ஹைட்ரஜன் அதிகம் என்பதால் படம் பச்சையாக வரும். உடனே பச்சையை அழித்துத் தங்கமும் நீலமுமாக்குவார்கள். பார்க்க அழகுதான், அழிக்கப்பட்டது ஹைட்ரஜன் என்பதை மறந்துவிட்டால். அந்த வண்ணத்திலும் நட்சத்திரங்களை ஆர்ஜிபியிலிருந்து வைத்தால் அவற்றைச் சுற்றி விழும் கத்தரிப்பூ நிற வளையங்களாவது ஒழியும்.

கழித்தலை வெறும் அழகுக் கலை என்று நினைப்பவர்களுக்கு ஆண்ட்ரோமெடாவைக் காட்டுவேன். அந்த கேலக்ஸியை எத்தனையோ பேர், எத்தனையோ பெரிய கருவிகளால் எடுத்திருக்கிறார்கள். மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி என்ற மூன்று அமெச்சூர்கள் ஓ-த்ரீயில் நீண்ட நேரம் எடுத்த படங்களில், அதன் தென்கிழக்கே ஒன்றரைப் பாகை நீளத்துக்கு ஒரு மங்கலான ஆக்ஸிஜன் வில் தெரிந்தது. தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் ஆய்வுக்குறிப்பாக வெளியிட்டார்கள். கேலக்ஸியின் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் தொடரொளி பரவிய இடத்தில், அதை விலக்கிப் பார்த்தால்தான் இப்படிப்பட்டது கண்ணில் படும். அது நம் பால்வழியில் இருக்கிறதா, ஆண்ட்ரோமெடாவிலேயே இருக்கிறதா என்ற விவாதம் அந்தக் குறிப்போடு முடிந்துவிடவில்லை.

அந்த வில்லைப் பற்றி அறிந்ததிலிருந்து, கழித்த படத்தைக் கூட்டுவதற்கு முன் தனியாக நீட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ரோசெட்டின் வாயுப் படத்தை நட்சத்திரங்கள் இல்லாமல் அப்படி நீட்டினால் வடகிழக்கு மூலையில் நெபுலாவுக்குச் சம்பந்தமில்லாத இழைகள் சட்டத்துக்குள் எட்டிப் பார்ப்பதுண்டு. ரோசெட்டுக்கும் கூம்பு நெபுலாவுக்கும் நடுவே பரந்து கிடக்கும் மோனோசெரோஸ் வளையம் அது, பழைய சூப்பர்நோவா ஒன்றின் எச்சம். என் டெலஸ்கோப்புக்குள் அது அடங்காது. 135 மில்லிமீட்டர் லென்ஸில் ரோசெட், வளையம், கூம்பு மூன்றும் ஒரே சட்டத்தில் விழும். லென்ஸை முழுசாகத் திறந்து எஃப் 2இல் வைத்தால் ஒளி மிகச் சாய்ந்து விழுவதால் 3 நானோமீட்டர் ஃபில்டரின் ஜன்னலே நீலப் பக்கம் நகர்ந்து, 656.3 விளிம்பில் மாட்டிக்கொள்ளும். எஃப் 4க்கு மூடிவிட்டு நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஆர்ஜிபியும் அதே லென்ஸில், அதே எஃப் 4இல்தான் எடுக்கப் போகிறேன். இரண்டிலும் நட்சத்திரத்தின் உருவம் ஒன்றாக இருந்தால்தான் கழிக்கும்போது வளையம் விழாது. வரும் மார்கழிக்கு மாடியில் எச்-ஆல்ஃபா, தை அமாவாசைக்கு மலையில் வண்ணம்.